முடிவை முதலில் கேட்டவளுக்கு

வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் வருகிறான் என்று நேற்று டிவி அலமாரியை ஒழித்தேன். பழைய பல்பு, ரிமோட்டின் மூடி, காலாவதியான மாத்திரை அட்டைகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சிடி கிடந்தது. உறை இல்லை. மேலே நீல மையில் "2" என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன படம் என்று போட்டுப் பார்க்க அந்தப் பழைய பெட்டி இப்போது வீட்டில் இல்லை. முதல் சிடியை நான் தேடவும் இல்லை. அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவள், அடுப்பில் பால் பொங்கிக் கருகும் வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

உனக்கு எழுதுவதென்றால் உன் முறைப்படிதான் எழுத வேண்டும். அதனால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வந்திருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னை மன்னிக்கவில்லை.

இனி ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் சொல்ல எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

மறைமலைநகரில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் அந்தக் கம்பெனியில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். எனக்குக் கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்த புதிது. நீ கணவரை லாரி விபத்தில் பறிகொடுத்துவிட்டு, ஒன்றரை வயதுக் குழந்தையை வாணியம்பாடியில் மாமியாரிடம் விட்டுவிட்டு, அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாய். ஷிப்டு மாறி மாறி வரும் வேலையில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று பெரியவர்கள் பேசி முடித்த ஏற்பாடு அது. யார் மேலும் குற்றம் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவாய். வந்த மறுநாள் பஸ்ஸில் யாரோடும் பேச மாட்டாய்.

விடியற்காலை ஐந்தரைக்கு ராட்டினங்கிணறு பக்கம் கம்பெனி பஸ் வரும். சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, முந்தின நாள் எட்டு மணிக்கு வந்த பேய்த் தொடரைப் பற்றிப் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் நான் பேசிக்கொண்டிருந்தேன். முன் சீட்டிலிருந்து நீ திரும்பினாய்.

"நீ பாத்தியா? எங்க அண்ணன் வூட்டுல டிவி கெடையாது. இன்னா ஆச்சி நேத்து?"

பூட்டிக் கிடந்த பங்களா, அதற்குள் குடிவரும் புதுப்பெண் என்று நான் தொடங்கினேன். நீ கையை நீட்டித் தடுத்தாய்.

"அதெல்லாம் அப்பால. மொதல்ல கடைசிய சொல்லு. அந்தப் பொண்ணு பொழச்சிதா, பூட்ச்சா?"

"பொழச்சிச்சி."

"ஆங். இப்ப சொல்லு, மொதல்லேர்ந்து."

பஸ்ஸில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பரனூர் தாண்டும்வரை நான் கதை சொன்னேன். நீ சீட்டின் கம்பியில் மோவாயை வைத்துக்கொண்டு கேட்டாய். அதற்கப்புறம் ஏழு வருஷம் வெள்ளிக்கிழமை தோறும் அதுதான் வழக்கம். தொடரைப் பார்க்காத பெண்கள், "அடியே, முடிவ சொல்லாதீங்கடி, நாங்க மறுக்கா போடறப்ப பாக்கணும்" என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். நீ அவர்களைப் பாவமாகப் பார்ப்பாய்.

என் வீட்டில் சிடி போடும் பெட்டி வாங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நீ வரத் தொடங்கினாய். வாடகைக்கு எடுத்து வருவது எப்போதும் பேய்ப் படம், இல்லாவிட்டால் கொலைப் படம். பயத்துக்காகப் பார்க்கிறவள் இல்லை நீ. வழக்காடுவதற்காகப் பார்ப்பாய். என் வீட்டுக்காரர் சோற்றுத்தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். "படத்துல பேசறதவிட உன் சிநேகிதி அதிகம் பேசறாங்க" என்பார்.

"வெள்ளப் பொடவ, தல நெறைய மல்லிப்பூ, காலுல கொலுசு. இவ்ளோ சோடிச்சிக்கினு வர்ற பேய்க்கு பழி வாங்க நேரம் எங்க கீது?" என்பாய். பேய் என்றால் ஏன் பெண்ணாகவே இருக்கிறது, ஆண்பிள்ளை எவனும் மனக்குறையோடு சாகவே மாட்டானா என்று கேட்பாய். பேய் வசிக்க எப்போதும் பத்து அறை பங்களா வேண்டியிருக்கிறது. உன் அண்ணன் வீட்டுக்கு வந்தால் அது நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும் என்பாய். ஒருமுறை நான் பயத்தில் உன் கையைப் பிடித்தபோது ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டாய். திரையில் ஒரு பெண் வாயைத் திறந்துகொண்டு மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தாள். "இப்ப பயமா கீதா? கம்பெனி பஸ்ஸ வுட்டவ மாரி ஓடறா பாரு. மியூசிக்க டொய்ங்னு அடிக்கறான் பாரு, அவன்தான்டி பேயி" என்றாய். அன்று நாம் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

ஒரு படம் இரண்டு சிடியில் வரும்; கொலைப் படம் என்றால் நீ இரண்டாவது சிடியை முதலில் போடச் சொல்வாய். அதில்தான் நமக்குள் சண்டை. முடிவு தெரிந்தபின் பார்க்க என்ன இருக்கிறது என்பது என் கட்சி. யார் கொலைகாரன் என்று தெரியாமல் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்வதில்தான் எனக்குச் சுகம். ஒருநாள் கோபத்தில், "அப்ப எதுக்குடி முழுப் படத்தையும் பாக்கறே? கடைசிய மட்டும் பாத்துட்டு போவ வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

நீ நிதானமாகச் சொன்னாய்: "முடிவு தெரியாம பாத்தா நீ முடிவத்தான் தேடிக்கினு இருப்ப. ஆள பாக்க மாட்ட. அவ சாவப் போறான்னு தெரிஞ்சி பாரு, அவ தல சீவறத கூட எவ்ளோ நல்லா பாப்பேன்னு."

நான் அதை ஒரு சினிமாப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு படத்தில் மட்டும் நீ பாதியில் எழுந்து போனாய். செத்துப்போன குழந்தை ஒன்று வீடு வீடாகக் கதவைத் தட்டி அம்மாவைத் தேடும். நீ அடுக்களைக்குப் போய், நான் கேட்காமலே வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாய். "இத்த எடுத்தவனுக்கு புள்ளகுட்டி இல்ல" என்றாய். படத்தை நான் நிறுத்திவிட்டேன். பரீட்சை முடிந்ததும் பாப்பாவைச் செங்கல்பட்டுப் பள்ளியில் சேர்த்துவிடப் போவதாகவும், அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்து வைத்திருப்பதாகவும் அன்றுதான் சொன்னாய். மாமியாரும் ஒத்துக்கொண்டிருந்தார். பாப்பா அப்போது மூன்றாம் வகுப்பு.

அந்த வருஷத் தீபாவளிக்கு முன்பே உனக்கு வயிற்றுவலி தொடங்கிவிட்டது. கம்பெனியில் டேப் சுற்றும் மேசையில் குனிந்தபடி நின்றுவிடுவாய். சூட்டுவலி என்று மோர் குடித்தாய். வாயு என்று பூண்டு தின்றாய். மார்கழியில் உன் அண்ணன் பயந்துபோய் உன்னைச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, பெண் துணைக்கு நானும் லீவு போட்டுவிட்டு வந்தேன். உன்னை ஸ்கேனுக்கு உள்ளே அனுப்பிவிட்டு, டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். கட்டி பரவிவிட்டது. அறுவை செய்து பயனில்லை. ஆறு மாதம் போகலாம். ஒரு வருஷமும் போகலாம். மருந்து தருகிறேன், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்து மரத்தடியில் உன் அண்ணன் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாத்திரக் கடையில் அவ்வளவு பெரிய குரலில் விலை சொல்கிற மனிதர், உதடு மட்டும் அசையப் பேசினார்.

"தங்கச்சி, அவளுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா இன்னிக்கே பூடுவா. உங்கிட்ட கெஞ்சிக் கேக்கறேன்மா. அவ மொதல்ல உன்னத்தான் கேப்பா."

"அண்ணே, அவ எதையும் முன்னாடியே தெரிஞ்சிக்கணும்னு நெனக்கிறவ."

"அது படம்மா" என்றார் அவர். "இது அவ உசுரு."

நான் தலையாட்டினேன். எட்டு வருஷமாக அந்தத் தலையாட்டலை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் சொன்னபடியே நீ என்னைத்தான் கேட்டாய். ஆனால் உடனே இல்லை. பொங்கல் கழிந்து, மருந்தில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தபோது, கடல் பார்க்க வேண்டும் என்றாய். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் மாமல்லபுரம் போனோம். கோயில் கூட்டத்தை விட்டுத் தள்ளி, சவுக்குத் தோப்பு ஓரமாக நடந்தபோது அங்கே ஒரு படப்பிடிப்பு. பெரிய குடைக்குக் கீழே வெள்ளைப் புடவை கட்டி, முகமெல்லாம் மாவு பூசி, கண்ணுக்குக் கீழே கறுப்புத் தீற்றிய ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். நண்பகல் வெயில். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்தால் வலிக்கும் என்று சொல்லியும் நிறுத்த முடியவில்லை உனக்கு. அப்புறம் நேராக அவளிடமே போய்விட்டாய்.

"இன்னாமா, நீ பேயா?"

"ஆமாக்கா. தூரத்துல நிக்கற பேயி. கிட்டக்க வர்றதுக்கு வேற ஆளு வெச்சிக்கீறாங்க."

"கடைசில நீ இன்னா ஆவறே?"

"யாருக்குத் தெரியும்? எங்கிட்ட எவன் கத சொன்னான்? நிக்க சொன்னாங்க, நிக்கறேன்."

திரும்பி வந்து மணலில் உட்கார்ந்தாய். சுண்டல் வாங்கிக்கொண்டோம். கொஞ்ச நேரம் நீ கடலைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"அவளுக்குத்தான் எவனும் சொல்லல. எனக்கு நீ சொல்லுடி. டாக்டரு இன்னா சொன்னாரு?"

உன் மடியில் பை இருந்தது. அதிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாய். மாமியாருக்கு எழுதிய கடிதம். உடம்பு சரியில்லை, பாப்பாவை உடனே கொண்டுவந்து விடுங்கள், படிப்பு போனால் போகட்டும் என்று எழுதியிருந்தாய். தபால் பெட்டியில் போடுவதற்கு முன் என் பதிலுக்காகத்தான் காத்திருந்திருக்கிறாய்.

"கட்டிதான். மாத்திரையிலயே கரஞ்சிடுமாம்" என்றேன். "மே மாசத்துக்குள்ள உனக்கு சரியாயிடும்னு சொன்னாரு."

"மே மாசமா?"

"ஆமா."

"நெசமா?"

"எம்மேல சத்தியமா."

நீ பெருமூச்சு விட்டாய். அந்தப் பெருமூச்சில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன். "அப்ப எதுக்கு இப்ப அவள இஸ்துக்கினு வரணும்? பரீட்ச எழுதிட்டே வரட்டும். பாவம், ஒழுங்கா படிக்கிற புள்ள" என்று சொல்லிக்கொண்டே கடிதத்தை நாலாகக் கிழித்தாய். சுண்டல் பொட்டலக் காகிதத்தோடு சேர்த்துச் சுருட்டி வீசினாய். காற்று அதைச் சவுக்குத் தோப்புப் பக்கம் கொண்டுபோயிற்று. ஓடிப்போய்ப் பொறுக்கியிருக்கலாம் நான். ஒரு எட்டு தூரம்தான். நான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் வகுப்புப் பரீட்சை. உலகத்தில் எந்தக் குழந்தையாவது மூன்றாம் வகுப்புப் பரீட்சை எழுதாததால் கெட்டுப்போயிருக்கிறதா?

டாக்டர் சொன்ன ஆறு மாதம் மூன்று மாதமாகச் சுருங்கியது. மாசி மாதம் நீ கட்டிலோடு ஆகிவிட்டாய். வேலை விட்டு வந்ததும் நேராக உன்னிடம் வருவேன். அப்போது ஒரு புதுத் தொடர் வந்துகொண்டிருந்தது. காணாமல் போன கணவனைத் தேடும் பெண்ணின் கதை. வாராவாரம் சொல்வேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். உன் கை, ஒயர் கட்டிக் கட்டி விரல் நுனி தடித்துப்போன அந்தக் கை, போர்வையின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு சாயங்காலம், வழக்கப்படி அந்த வாரக் கதையின் கடைசியிலிருந்து தொடங்கினேன். "கதவத் தொறந்தா அங்க..." என்று சொல்லும்போது நீ கண்ணைத் திறந்தாய்.

"கடைசிய சொல்லாத" என்றாய்.

"ஏன்டி?"

"வேணாம். மொதல்லேர்ந்து சொல்லு. மெதுவா சொல்லு."

ஏழு வருஷத்தில் முதல் தடவை. நான் முதலிலிருந்து சொன்னேன். என்ன சொன்னேன் என்று இன்று நினைவில்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை. நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கோபமில்லை அந்தப் பார்வையில். கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

உனக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்திருந்தால் ஏன் பாப்பாவைக் கூப்பிடச் சொல்லவில்லை? எலும்பும் தோலுமாக உன்னை அவள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாயா? இல்லை, நான் சத்தியம் செய்து சொன்ன பொய் உடைந்தால் நான் என்ன ஆவேன் என்று என்னைக் காப்பாற்றினாயா? இந்தக் கேள்வியை எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். எந்தப் பதிலை எடுத்தாலும் எனக்குத் தப்ப வழியில்லை. வெளியே வந்து உன் அண்ணனிடம், "பாப்பாவ வரச் சொல்லுங்கண்ணே" என்றேன். அவரும் அன்றே ஆள் அனுப்புகிறேன் என்றார். அப்புறம், வெள்ளிக்கிழமையோடு பரீட்சை முடிகிறது, அன்றைக்கே கூட்டிவரச் சொல்கிறேன் என்றார். திடீரென்று குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தினால் உனக்குச் சந்தேகம் வரும் என்று அப்போதும் பயந்தார். நானும் சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் நீ போய்விட்டாய்.

வாணியம்பாடிக்குத் தகவல் போய், அவர்கள் வண்டி பிடித்துப் புறப்பட்டு, வழியில் அந்த வண்டி பழுதாகி, பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்தும் வரவில்லை. பெரியவர்கள் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று காத்திருந்தார்கள். வெயில் காலம். அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை. உன்னை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போய் அரைமணி கழித்து வண்டி வந்து நின்றது. பள்ளிச் சீருடையிலேயே உன் மகள் இறங்கினாள். கையில் பரீட்சை அட்டை. அதில் கிளிப்பு மாட்டியிருந்தது. தெருவில் நின்ற பெண்கள் எல்லோரையும் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தாள். யாரைத் தேடுகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு நான் பேய்ப் படம் பார்க்கவில்லை. பயத்தால் இல்லை. கதவைத் தட்டும் சத்தம் வந்தால் எழுந்துபோய் டிவியை அணைத்துவிடுகிறேன், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே கதவு தட்டப்பட்டது. உன் அண்ணன். தலை முழுக்க நரைத்துவிட்டது. பக்கத்தில் பதினாறு வயதுப் பெண். பாலிடெக்னிக்கில் சேர்க்கக் கூட்டி வந்திருக்கிறார். "இவங்கதான்மா உங்கம்மாவோட சிநேகிதி" என்றார். அவர் உள்ளே வரவில்லை. தெருமுனைக் கடைவரை போய்விட்டு வருகிறேன் என்று நழுவிவிட்டார். அவருக்கும் தெரியும், அவள் எதைக் கேட்க வந்திருக்கிறாள் என்று.

டீயை அவள் முன்னால் வைத்தேன். தொடவில்லை.

"ஆன்ட்டி, கடைசி நேரத்துல அம்மா என்னைக் கேட்டாங்களா? மாமா சொல்ல மாட்டேங்கறாரு."

பொய் சொல்ல எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. கடைசி மூச்சுவரை உன் பெயரைத்தான் சொன்னாள் என்று சொல்லியிருந்தால் அவள் அழுதுவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பாள். நான் சொல்லவில்லை. மாமல்லபுரம் மணலில் நடந்ததைச் சொன்னேன். உன் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று வரிவரியாகச் சொன்னேன். அதைக் கிழிக்க வைத்தது நான்தான் என்று சொன்னேன். சத்தியம் செய்ததையும் சொன்னேன்.

நான் முடித்தபின் அவள் கேட்டாள்:

"நீங்க உண்மைய சொல்லியிருந்தா, நான் வந்திருப்பேன் இல்ல?"

"நீ வந்திருப்பம்மா."

"ரெண்டு மாசம் கூட இருந்திருப்பேன்."

"ஆமா."

அவள் அழவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தாள்.

"எனக்கு அவங்க மூஞ்சி ஞாபகமே இல்ல ஆன்ட்டி. எங்க வீட்டுல போட்டோ எடுக்க மாட்டாங்க, ஒண்ணு கூட இல்ல. கம்பெனி கார்டுல இருந்தது, அதையும் கம்பெனியில திருப்பி வாங்கிட்டாங்களாம். கை ஞாபகம் இருக்கு. குரல்கூடக் கொஞ்சம் இருக்கு. மூஞ்சிதான் வர மாட்டேங்குது. எப்படி இருப்பாங்க?"

நான் சொல்லத் தொடங்கினேன். மாநிறம் என்றேன். இடது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத ஒரு சின்னக் கீறல் என்றேன். முன்பல் ஒன்று மற்றதன்மேல் லேசாக ஏறியிருக்கும், அதனால் சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள் என்றேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அதை உள்ளே வரைந்து பார்க்கிறாள் என்று புரிந்தது. பிறகு கண்ணைத் திறந்து தலையசைத்தாள்.

"வரல ஆன்ட்டி."

அவளுக்கு உன் சாயல் கொஞ்சமும் இல்லை. அப்பாவைக் கொண்டிருக்கிறாள். கண்ணாடியைப் பார்த்துக்கொள் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருமுனைக்கு நடந்தாள். மறுபடி வருவாளா என்று தெரியாது. வர வேண்டும் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

உன் முகம் என்னிடம் இருக்கிறது. நினைத்த நேரத்தில் வருகிறது. பாத்திரம் தேய்க்கும்போது வருகிறது, பஸ்ஸில் வருகிறது. கட்டிலில் என்னைப் பார்த்த அந்தக் கடைசிப் பார்வை வரை, ஒரு ரோமம் குறையாமல் இருக்கிறது. எனக்குச் சேர வேண்டியது இல்லை அது. உன் மகளுடையது. எட்டு வருஷமாக நான் வைத்திருக்கிறேன். அவளிடம் அதை எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.